டிஏசிக்கு 0 கொடுத்தும் பம்பு மோட்டார் ஏன் நிற்கவில்லை?

வாலிநோக்கம் பக்கத்து உப்பளம் ஒன்றில் உவர்நீர் இறைக்கும் மோட்டாரின் வேகத்தைப் பாத்தியின் நீர்மட்டத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க எஸ்டிஎம்32எஃப்407 என்னும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் உள்ள போர்டு ஒன்றை வைத்திருக்கிறீர்கள். அதன் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி) வெளியீட்டை எல்எம்358 ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி மூலம் மூன்று மடங்காக்கி, மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவின் 0–10 வோல்ட் உள்ளீட்டுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நிரலில் 0 எழுதினால் மோட்டார் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது; உச்ச எண்ணான 4095 எழுதினாலோ முழு வேகமான 50 ஹெர்ட்ஸ் வராமல் 46, 47 அளவிலேயே நின்றுவிடுகிறது. பார்த்த மாதிரி நிரல்களில் சிலவற்றில் டைமரும் டிஎம்ஏவும் (செயலியின் உதவியின்றித் தரவை நகர்த்தும் பகுதி) இருந்ததால், ரெஜிஸ்டர் (சிப்பின் உள்ளே எண்ணை வைக்கும் இடம்) அமைப்பில் ஏதேனும் ஒரு பிட் விடுபட்டுப் போயிற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதிய எண்ணுக்கு உரிய மின்னழுத்தம் இரு முனைகளிலும் ஏன் கிடைக்கவில்லை என்பதே உங்கள் கேள்வியின் சாரம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கீழக்கரையிலிருந்து தொண்டி வரை இறால் பண்ணைகளிலும் ஐஸ் பிளான்ட்களிலும் உப்பளங்களிலும் இத்தகைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளை அமைப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஆகவே சிப்பின் உள்ளே நடப்பதோடு, கடற்கரை அந்தச் சிப்புக்குச் செய்வதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், பழுது எந்தப் பக்கம் என்பதைப் பிரித்துவிடலாம். இந்தக் குடும்பச் சிப்புகளில் நீங்கள் எழுதும் எண் நேராக வெளியீட்டுக்குப் போவதில்லை. அது முதலில் டிஎச்ஆர் என்னும் ரெஜிஸ்டரில் தங்கி, அங்கிருந்து டிஓஆர் என்னும் மற்றொரு ரெஜிஸ்டருக்கு நகர்ந்த பிறகே மின்னழுத்தமாக மாறுகிறது. ட்ரிகர் (இந்த நகர்வைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை) எதுவும் தேர்ந்தெடுக்காதபோது இந்த நகர்வு ஒரு க்ளாக் துடிப்பில் தானாக நடந்துவிடும். சிப்பை அமைக்கும் க்யூப்எம்எக்ஸ் மென்பொருளில் டைமர் 6-ஐ ட்ரிகராகத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்த டைமரை ஓடவிடாமல் இருந்தால், எண் டிஎச்ஆரிலேயே கிடக்கும். பின்னில் (சிப்பின் வெளியீட்டுக் காலில்) எந்த மாற்றமும் தெரியாது. எனவே டீபக்கரில் (நிரல் ஓடும்போதே ரெஜிஸ்டர்களைக் காட்டும் கருவி) டிஓஆர்1-ஐத் திறந்து பாருங்கள். எழுதிய எண் அங்கே வந்து சேரவில்லை என்றால் குறை நிரலில் இருக்கிறது. வந்து சேர்ந்தும் பின்னில் மின்னழுத்தம் சரியில்லை என்றால் குறை மின்சுற்றில் இருக்கிறது. உங்களுக்கு 0-க்கும் 4095-க்கும் நடுவில் வேகம் எண்ணோடு சேர்ந்து ஒழுங்காக மாறுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், ரெஜிஸ்டர் பக்கம் குறை இல்லை என்பதை இந்தச் சோதனைக்கு முன்பே ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

ஆயினும் அமைப்பின் வரிசையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சிப்பின் பகுதிகளுக்கு க்ளாக் கொடுக்கும் ஏபிபி1 ரெஜிஸ்டரில் டிஏசிக்கு உரிய 29-ஆம் பிட்டை இயக்க வேண்டும். இதை மறந்தால் டிஏசியின் எல்லா ரெஜிஸ்டர்களும் 0 என்றே படிக்கும். பிறகு டிஏசி வெளிவரும் பிஏ4 பின்னை அனலாக் முறைக்கு மாற்ற வேண்டும். ட்ரிகர் தேவையில்லை, ஆகவே அதை இயக்கும் டிஇஎன்1 பிட் 0. டிஎம்ஏவும் தேவையில்லை, அது ஒலி அலை போன்று இடைவிடாமல் மாறும் வெளியீட்டுக்கு உரியது, நொடிக்குச் சில முறை மட்டும் மாறும் மோட்டார் வேகத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொடக்க மதிப்பை வலப்புறம் ஒட்டிய டிஎச்ஆர்12ஆர்1-இல் எழுதி, கடைசியாக டிஏசியை இயக்கும் இஎன்1 பிட்டை இயக்கி, அதன் பின் அதே மதிப்பை மறுபடி ஒருமுறை எழுதிவிடுங்கள். இடப்புறம் ஒட்டிய டிஎச்ஆர்12எல்1-இல் தவறுதலாக எழுதினால் எண் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்தக் குறையும் உங்களுக்கு இல்லை.

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன். டிஏசியின் வெளியீட்டில், சுமையைத் தாங்க, ஒரு பஃபர் (இடைநிலைப் பெருக்கி) இருக்கிறது. பிஓஎஃப்எஃப்1 பிட் 0 ஆக இருக்கும்வரை அது இயங்கும். சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத் தாள்), பஃபர் இயங்கும்போது வெளியீடு 0.2 வோல்ட்டிலிருந்து, விடிடிஏவைவிட (சிப்பின் அனலாக் பகுதிக்கு வரும் மின்னழுத்தம்) 0.2 வோல்ட் குறைவான அளவு வரை மட்டுமே உறுதியளிக்கப்பட்டிருக்கிறது. 3.3 வோல்ட் போர்டில் அது 0.2 முதல் 3.1 வரை. மூன்றால் பெருக்கினால் 0.6 முதல் 9.3 வோல்ட். டிரைவில் 10 வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால், கீழே 3 ஹெர்ட்ஸ், மேலே 46.5 ஹெர்ட்ஸ். மல்டிமீட்டரில் பின்னில் நீங்கள் அளந்த 0.19, 3.11 வோல்ட் ஆகிய இரண்டும் இந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகின்றன. ஆகவே உங்கள் சிப் பழுதாகவில்லை, நிரலும் தவறாகவில்லை. பஃபர் தன் எல்லையில் நிற்கிறது, அவ்வளவுதான். ஊர்கிற மோட்டாரை அப்படியே விட்டுவிடவும் கூடாது. 3 ஹெர்ட்ஸில் பம்பு நீரை ஏற்றாது. தண்டோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் காற்றை வீசாது. அந்த நிலையிலேயே பகல் முழுதும் மின்னோட்டம் பாய்ந்தால் மோட்டார் வீணாகச் சூடேறும்.

இதைப் படிக்கும் பலர் உடனே சொல்லக்கூடிய தீர்வு, பஃபரை அணைத்துவிடுங்கள் என்பது. அணைத்தால் வெளியீடு 0-க்கு மிக அருகிலிருந்து உச்சம் வரை முழுமையாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அப்போது பின்னின் உள்மின்தடை 15 கிலோ-ஓம் வரை இருக்கும். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமானால் அந்தப் பின்னில் 1.5 மெகா-ஓமுக்குக் குறைவான சுமை எதையும் வைக்கக் கூடாது என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. குளிரூட்டிய ஆய்வகத்தில் இது ஒரு சிரமமும் இல்லை. உப்பளத்தில் நிலைமை வேறு. ஆடிக் காற்றில் பறந்து வரும் உப்புத் தூசி பெட்டியின் சந்துகளில் புகுந்து போர்டின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிவிடுகிறது. நம் கரையில் இரவிலும் விடியற்காலையிலும் அந்த ஈரப்பதம் சாதாரணம். 12 வோல்ட் தடத்துக்கும் ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக்கும் இடையே அப்படி ஒரு படலம் 10 மெகா-ஓம் அளவுக்கு உருவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ-ஓம் பின்னில் அது 18 மில்லிவோல்ட்டைக் கூட்டும்; மூன்று மடங்கில் 54 மில்லிவோல்ட். ஒரு மெகா-ஓம் படலமானால் அரை வோல்ட்டுக்கும் மேல். காலையில் ஒரு வேகம், வெயில் ஏறியபின் வேறொரு வேகம் என்று மோட்டார் ஓடும். நிரலில் எவ்வளவு தேடினாலும் அதற்குக் காரணம் கிடைக்காது. பஃபர் இயங்கும்போது இதே படலத்தால் பின்னின் மின்னழுத்தத்தை அசைக்க முடியாது. அதனால் இந்தக் கரையில் பஃபரை அணைக்காதீர்கள் என்பதே என் கருத்து. படலம் உருவாகும் என்பது உறுதி. அது எத்தனை மெகா-ஓம் இருக்கும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், நான் சொன்ன எண்களைக் கணக்குக்கான எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள்.

அப்படியானால் 0-க்கு என்ன வழி? டிஏசியின் இரு முனைகளையும் விட்டுக்கொடுத்துவிட்டு, நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதுதான் வழி. பின்னில் 0.3 வோல்ட் என்பதை 0 ஹெர்ட்ஸாகவும், 3.0 வோல்ட் என்பதை 50 ஹெர்ட்ஸாகவும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் சொன்னால் 372 முதல் 3724 வரை. ஆப்-ஆம்பைத் தாண்டியபின் அது 0.9 முதல் 9.0 வோல்ட் ஆகும். டிரைவில் அனலாக் உள்ளீட்டின் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு அமைப்புகள் பெரும்பாலும் இருக்கும், அவற்றில் 0.9-ஐ 0 ஹெர்ட்ஸுக்கும் 9.0-ஐ 50 ஹெர்ட்ஸுக்கும் பொருத்திவிடுங்கள். எல்லைகளுக்குப் பதிலாகப் பெருக்கமும் பயஸும் (தொடக்க நகர்வு) மட்டும் கேட்கும் டிரைவாக இருந்தால், வோல்ட்டுக்கு 6.17 ஹெர்ட்ஸ் என்ற சரிவையும் 0.9 வோல்ட்டில் 0 என்ற தொடக்கத்தையும் வைத்து அதன் கையேட்டில் உள்ள சூத்திரப்படி கணக்கிடலாம். நிரலில் ஒரே வரிதான்: வேண்டிய ஹெர்ட்ஸை 67.04-ஆல் பெருக்கி 372-ஐக் கூட்டுங்கள். 30 ஹெர்ட்ஸுக்கு 2383 வரும், பின்னில் 1.92 வோல்ட், டிரைவில் 5.76 வோல்ட் இருக்க வேண்டும். இந்த இரண்டு மின்னழுத்தங்களையும் மல்டிமீட்டரில் சரிபார்த்துவிட்டால் முழு அளவுகோலும் சரியாக அமைந்துவிட்டது என்று நம்பலாம்.

எழுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை வீணாக்குகிறோமே என்று தோன்றலாம். மீதமுள்ள 3352 படிகளில் ஒவ்வொன்றும் 0.015 ஹெர்ட்ஸ், உவர்நீர் பம்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு நுணுக்கம்கூடத் தேவையில்லை. மாறாக, இந்த இழப்பால் கிடைப்பது பெரிது. கம்பி அறுந்தாலும், போர்டுக்கு மின்சாரம் போனாலும், உள்ளீடு 0.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அது இயல்பான இயக்கத்தில் வரவே வராத மின்னழுத்தம். தொழிற்சாலைகளில் 0-இல் தொடங்காமல் 4-இல் தொடங்கும் 4–20 மில்லிஆம்பியர் முறையை இத்தனை காலமாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்றை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்: உள்ளீடு கீழ் எல்லைக்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்று சில டிரைவ்களில் தனியாகக் கேட்கப்படும், அதில் கடைசி வேகத்திலேயே தொடர்ந்து ஓடு என்ற தேர்வும் இருக்கலாம். உங்கள் பயனுக்கு நிறுத்து என்பதே சரியான தேர்வு.

பஃபருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் பின்னில் 50 பிக்கோஃபேரடுக்கு மேல் கெப்பாசிட்டர் சுமையை ஏற்றக் கூடாது, 5 கிலோ-ஓமுக்குக் குறைந்த ரெசிஸ்டரும் கூடாது. நீங்கள் அனுப்பிய படத்தில் பிஏ4-லிருந்து நேராகத் தரைக்கு (சுற்றின் 0 வோல்ட் முனைக்கு) 0.1 மைக்ரோஃபேரடு கெப்பாசிட்டர் வைத்திருப்பதுபோல் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு, பின்னிலிருந்து 1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதன் மறுமுனையில், ஆப்-ஆம்பின் உள்ளீட்டை ஒட்டி, அந்தக் கெப்பாசிட்டரை மாற்றி வையுங்கள். ஏறக்குறைய 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான இரைச்சல் அங்கே குறையத் தொடங்கும், பஃபருக்கும் தொல்லை இருக்காது. அதோடு பின்னிலிருந்து தரைக்கு 100 கிலோ-ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கட்டாயம் வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், காரணம் இதுதான். சிப் ரீசெட்டில் இருக்கும்போது டிஏசி அணைந்திருக்கும், பின் எதோடும் சேராமல் தொங்கும். எல்எம்358-இன் உள்ளீட்டிலிருந்து சில பத்து நானோஆம்பியர் மின்னோட்டம் வெளியே வருவது அதன் இயல்பு. அந்த மின்னோட்டம் வடிய வழியில்லாமல் கெப்பாசிட்டரை மெல்ல மெல்ல நிரப்பி, ஆப்-ஆம்பின் வெளியீட்டை உச்சத்துக்கே கொண்டுபோய்விடும். அதாவது, போர்டு செயலிழந்து நிற்கும் நேரத்தில் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். 100 கிலோ-ஓம் இருந்தால் அதே மின்னோட்டம் சில மில்லிவோல்ட்டை மட்டுமே உண்டாக்கும். முன்பு சொன்ன 10 மெகா-ஓம் உப்புப் படலம் சேர்ந்தாலும் டிரைவின் உள்ளீடு 0.4 வோல்ட்டைத் தாண்டாது, 0.9-க்குக் கீழேயே இருக்கும்.

நிரல் சிக்கிக்கொள்ளும் நிலை இதற்கு நேர்மாறானது. அப்போது சிப் ரீசெட் ஆவதில்லை. டிஏசி கடைசியாகப் பெற்ற எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும், மோட்டாரும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், பாத்தி நிரம்பி வழிந்தாலும் நிற்காது. ஆகவே ஐடபிள்யூடிஜி என்னும் தனி வாட்ச்டாகை (குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் பகுதி) இயக்கி, நீர்மட்டத்தைப் படித்து முடித்த இடத்தில் மட்டும் அதைப் புதுப்பியுங்கள். ஓடு, நில் என்ற கட்டளையை டிஏசியிடம் விடாதீர்கள். டிரைவில் அதற்கென்று டிஜிட்டல் முனை இருக்கிறது. வேறொரு பின்னிலிருந்து சிறு ரிலே வழியாக அதை இயக்கி, டிஏசியை வேகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டும் இடத்தில், நிரலின் தயவு தேவைப்படாத அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்றும் இருக்க வேண்டும்.

விடிடிஏ உண்மையிலேயே 3.3 வோல்ட்தானா என்பதையும் அளந்துகொள்ளுங்கள், டிஏசியின் வெளியீடு முழுவதும் அதையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. உதாரணமாக எஸ்டி நிறுவனத்தின் எஃப்4 டிஸ்கவரி போர்டில் சிப்புக்குப் போவது ஏறக்குறைய 3 வோல்ட்தான். அதில் பிஏ4, பிஏ5 இரண்டும் போர்டிலேயே உள்ள ஆடியோ சிப்போடும் முடுக்கமானியோடும் இணைந்தும் இருக்கின்றன. உங்கள் போர்டில் 3.25 வோல்ட் இருந்தால், 30 ஹெர்ட்ஸ் கேட்ட இடத்தில் 29.5 கிடைக்கும். நீர்மட்டத்தைத் திரும்பத் திரும்ப அளந்து வேகத்தைத் திருத்தும் உங்கள் முறையில் இந்த அரை ஹெர்ட்ஸ் தானே சரியாகிவிடும் என்பதால் இதற்காகச் செலவு செய்ய வேண்டாம். துல்லியம் வேண்டும் என்பவர்கள், சிப்பின் உள்ளேயே உள்ள 1.21 வோல்ட் அளவை ஏடிசியால் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) படித்து, ஆலையில் 3.3 வோல்ட்டில் பதிந்து வைத்த மதிப்போடு ஒப்பிட்டு, விடிடிஏவை நிரலிலேயே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. மோட்டார் ஓடும்போது வேகம் சில நேரம் துள்ளுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு மட்டும் இங்கிருந்து ஊகம்தான் சொல்ல முடியும். டிரைவ் ஓடும்போது மட்டும் துள்ளினால், அதன் உயர்வேக ஸ்விட்சிங் இரைச்சல் சிக்னல் கம்பியில் ஏறுகிறது என்று முதலில் சந்தேகிப்பேன். சிக்னலுக்கு முறுக்கிய ஷீல்டு கம்பி போட்டு, ஷீல்டை டிரைவின் கையேடு சொல்லும் ஒரு முனையில் மட்டும் இணைத்து, மோட்டார் கேபிளிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். உப்பு ஊறிய மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துப்போகும், மேலே கம்பி ஒழுங்காகத் தெரிந்தாலும் கீழே தொடர்பு இருக்காது. அந்தப் பெட்டியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, கையேட்டில் சொன்ன நிமிடங்கள் காத்திருங்கள். 415 வோல்ட் டிரைவின் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் 580 வோல்ட்டுக்கு மேல் பிடித்துவைத்திருக்கும். போர்டுக்கும் டிரைவுக்கும் இடையே தொலைவு அதிகமென்றால், நான் டிஏசியையே விட்டுவிட்டு, டிரைவின் ஆர்எஸ்-485 என்னும் தரவு முனையில் மோட்பஸ் என்னும் தொடர்பு முறை வழியாக வேகத்தை எண்ணாகவே அனுப்புவேன். நீண்ட கம்பியில் அனலாக் மின்னழுத்தத்தைக் காப்பதைவிட அது எளிது.

போர்டைக் காப்பது பற்றி ஒன்று. கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டை ஈரத்திலிருந்து காக்கும் மெல்லிய பூச்சு) பூசுவதற்கு முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் போர்டை நன்றாகக் கழுவி, முழுவதும் உலரவிட வேண்டும். உப்புப் படிந்த போர்டின்மேல் அப்படியே பூசினால், உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கோட்டிங்குக்குப் பிறகும் கம்பி நுழையும் துளைகளுக்கு ரப்பர் கிளாண்ட் போட்டு, அவை பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அடுத்த பம்புக்கு விலை குறைந்த ப்ளூ பில் போர்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதில் உள்ள எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பில் டிஏசி கிடையாது. அதே எஃப்103 வரிசையில் பெரிய நினைவகம் உள்ள சிப்புகளில் மட்டுமே உண்டு. ப்ளூ பில்லையே வாங்க வேண்டும் என்றால், பிடபிள்யூஎம் (அகலம் மாறும் துடிப்புகள்) வெளியீட்டை ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வடிகட்டி வழியாக எடுத்தாலும் பம்புக்குப் போதும். 72 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் 4096 படிகளோடு 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கிடைக்கும், அதை வடிகட்டுவது எளிது. இல்லையென்றால் எம்சிபி4725 என்னும் 12 பிட் டிஏசியை ஐ2சி என்னும் இரு கம்பித் தரவு இணைப்பு வழியாகச் சேர்க்கலாம். அதைச் சேர்ப்பதானால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: மின்சாரம் வந்தவுடன் அது தன் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள எண்ணை வெளியிடும், ஆலையிலிருந்து வரும்போது அந்த எண் நடு மதிப்பு. புதுச் சிப்பை அப்படியே பொருத்தினால், உங்கள் நிரல் தொடங்கும் முன்பே டிரைவுக்குப் பாதி வேகக் கட்டளை போய்விடும். ஆகவே டிரைவோடு இணைப்பதற்கு முன், மேசைமீது வைத்தே அந்த ஈஈப்ராமில் 0 எழுதி, மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்து, வெளியீடு 0 வோல்ட்டில் தொடங்குகிறதா என்று அளந்து பார்த்துவிடுங்கள்.